புறவாசல் கோழிக்கு நகரம் என்ன விதி வைக்கலாம்?

பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம் வரும் கோழி விவகாரங்களில் பல, நோய் சம்பந்தப்பட்டவையே அல்ல. "டாக்டர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி சேவலை அறுக்கச் சொல்லி சண்டைக்கு வாராரு. இதுக்கு ஒண்ணும் சீக்கு இல்லன்னு ஒரு லெட்டர் குடுங்க" என்று ஒருவர் நிற்பார். கொஞ்ச நாளில் வேறொரு தெருவிலிருந்து இன்னொருவர் வந்து, நாற்றம் தாங்கவில்லை, எந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்று என்னையே வக்கீலாக்குவார்.

கிராமத்தில் இந்தச் சண்டை குறைவு. கோழி பகலெல்லாம் மேய்ந்துவிட்டு அந்தியில் பஞ்சாரத்துக்குள் அடைந்துவிடும். எச்சம் பத்து இடத்தில் சிதறி வெயிலில் காய்ந்துவிடும். 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியானபோது மேலப்பாளையம், தச்சநல்லூர் போன்ற ஊர்களும் அதற்குள் வந்தன. வயலும் விளையும் மனைகளாயின, கோழிப் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. இரண்டரை சென்ட் மனையில் உங்கள் வீட்டுக் கூடு இருக்கும் இடம், பெரும்பாலும் பக்கத்து வீட்டின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.

புகார் முற்றினால் பொதுத் தொல்லை பற்றிய சட்டத்தைத்தான் எடுக்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. அதன்கீழ் நிர்வாக நடுவர் தொல்லையை அகற்ற உத்தரவிடலாம். நாலு கோழிக்காக வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம் வரை போவது நியாயமா என்று கேட்டால் இல்லைதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறும் விதிமுறையோ 5,000 பறவைகளுக்கு மேல் உள்ள பண்ணைகளுக்கானது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வீட்டுக் கோழிக்குத்தான் எளிய விதி வேண்டும்.

மற்ற நகரங்கள் ஒரே நாளில் விதி எழுதிவிடவில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசே வீட்டுக்கு வீடு கோழி வளர்க்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது. அப்புறம் ஊர்கள் பெருத்து, சுகாதார விதிகள் இறுகி, பல நகரங்கள் கோழியைத் துரத்தின. இந்த நூற்றாண்டில் மக்கள் கேட்டுக் கேட்டு மறுபடி உள்ளே விட்டிருக்கிறார்கள். சியாட்டில் 2010இல் எட்டுக் கோழி வரை அனுமதித்தது, ஆனால் புதிதாகச் சேவல் வைக்கக் கூடாது என்றது. நியூயார்க்கில் பெட்டை வைக்கலாம், சேவல் கூடாது. சிங்கப்பூரில் தனி வீடுகளில் பத்துப் பறவை வரை வைக்கலாம், அரசு அடுக்குமாடிகளில் கூடாது. பிரான்சில் கதை வேறு. மோரிஸ் என்ற சேவல் கூவுவதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2019இல் சேவல் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. 2021இல் நாட்டுப்புறத்தின் ஓசைகளையும் வாசனைகளையும் காக்க அங்கே தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் அது நாட்டுப்புறத்துக்கு. வண்ணார்பேட்டை மேம்பாலத்தடியில் குடியிருப்பவர் அதைக் காட்டி வாதாட முடியாது.

எத்தனை கோழி என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் எண்ணிக்கை இரண்டாவது. சுத்தமாக வைத்திருக்கும் பத்துக் கோழியால் வராத சண்டை, ஒரே ஒரு சேவலால் வரும். அது விடிவதற்கு வெகு முன்பே கூவ ஆரம்பிக்கும். நமது ஒலி மாசு விதிகளோ இரவு பத்து முதல் காலை ஆறு வரையை இரவு என்கின்றன. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை என்பதைச் சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமென்றால் சேவல் உள்ள ஊர்ப்பக்கத்து வீட்டில் அடைமுட்டை வாங்கி அடைக்கோழிக்கு வைத்தால் இருபத்தொரு நாளில் பொரித்துவிடும்.

ஆனால் நம் ஊரில் சேவலை முழுக்கத் தடை செய்தால் விதி முதல் கோயில் கொடைத் திருவிழாவுக்கே உடைந்துவிடும். சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை எந்தத் துப்புரவு மேஸ்திரி வந்து பிடிப்பார்? அதற்குக் கொடையை ஒட்டிச் சில வாரம் விலக்கு கொடுத்துவிடலாம். சண்டைச் சேவலுக்கு மட்டும் அந்தச் சலுகை வேண்டாம், விலங்குகளைச் சண்டைக்கு விடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

அடுத்தது ஈரம். நாற்றப் புகார் ஐப்பசி, கார்த்திகையில்தான் குவியும். நனைந்த எச்சத்திலிருந்து அமோனியா கிளம்புகிறது. தரையில் உமியோ காய்ந்த தென்னைநார்க் கழிவோ மூன்று அங்குலம் பரப்பி, நனைந்ததை அள்ளி மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அள்ளியதை மக்க வைத்த பிறகே மாடித்தோட்டத்துக்குப் போடுங்கள், பச்சை எச்சம் செடியைக் கருக்கிவிடும். இராத்திரி தீவனம் மிச்சம் கிடந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு. கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கூடு என்று வெளிநாட்டு விதியை அப்படியே எழுதினால் டவுனில் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வளவு வீடும் தேறாது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக்கொண்டே நாலு கோழி வளர்த்து முட்டை விற்கும் அக்காவின் கையைத்தான் அது கட்டும், பெரிய காம்பவுண்டு வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. சுவரைப் பகிரும் வீடுகளில் தூரத்துக்குப் பதில் இருபக்கத்து வீட்டார் சம்மதம் போதும் என்று வைக்கலாம். உரிமக் கட்டணம் என்று ஒன்று வேண்டவே வேண்டாம். பணம் கேட்டால் கோழி காணாமல் போகாது, கணக்கிலிருந்துதான் காணாமல் போகும்.

கணக்கு ஏன் முக்கியம் என்றால், பறவைக் காய்ச்சல். ஓரிடத்தில் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் வளர்க்கும் பறவைகளை அழிப்பது இந்திய நடைமுறை. கேரளத்தில் நோய் வரும்போதெல்லாம் புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகருக்குள் வந்துவிட்டால் எந்த வீட்டில் கோழி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். அழிக்கும் பறவைக்கு நம் அரசு இழப்பீடு தருகிறது, கோழி இருந்ததற்குச் சான்று இருந்தால் அதைக் கேட்பதும் எளிது.

இதற்குப் புதிதாக ஒரு அலுவலகம் திறக்க வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு அங்கே ஊசி போட்டுக்கொள்ளலாம். அந்த முகாமை வார்டு வாரியாக நடத்தி, தெருப் பெயர், பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, நகலை மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினால் பதிவேடு தயார். ஊசிக்காக மக்கள் தாங்களாகவே கோழியைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருவார்கள்.