ஒரு காதில் பேச்சாளர், மறு காதில் தன் குரல்

சர்வதேச மாநாட்டு அரங்குகளில் பின்சுவரை ஒட்டியோ மாடியிலோ கண்ணாடி அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பேர். மேடையில் ஒருவர் பேசப் பேச, அதை வேறு மொழியில் சொல்லிக்கொண்டே போகும் உரைபெயர்ப்பாளர்கள் அவர்கள். இரண்டு மொழியும் சரளமாக வந்தால் இந்த வேலையைச் செய்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

சரி, மொழியை விட்டுவிடுவோம். தமிழ் வானொலிச் செய்தியைக் கேட்டபடி, இரண்டு நொடி பின்தங்கி, அதையே தமிழில் உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். சீக்கிரமே தடுமாற்றம் வரும். நீங்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் பாதி ஓடியிருக்கும். அதைக் கேட்கவும் வேண்டும், மனதில் பிடித்துவைக்கவும் வேண்டும், வாயில் இருப்பதை ஒழுங்காக முடிக்கவும் வேண்டும்.

பிரெஞ்சு ஆய்வாளர் டேனியல் ஜீல் இந்தச் சிக்கலை விளக்க ஒரு மாதிரியை முன்வைத்தார். கேட்டுப் புரிந்துகொள்வது, சற்று நேரம் நினைவில் வைப்பது, பேசுவது, இந்த மூன்றையும் ஒருங்கிணைப்பது எனக் கவனம் நான்காகப் பிரிகிறது. மொத்தக் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. உரைபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே வேலை செய்கிறார்கள் என்பது அவர் கருத்து.

இதிலிருந்து ஒரு வினோதமான விளைவு வருகிறது. பிழை எப்போதும் கடினமான இடத்தில் வருவதில்லை. நீண்ட நிறுவனப் பெயர் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உரைபெயர்ப்பாளர் முயன்று அதைச் சரியாகவே சொல்லிவிடுகிறார். அதற்குச் செலவான கவனம், அந்த நேரத்தில் காதில் விழுந்துகொண்டிருந்த அடுத்த வாக்கியத்துக்குக் கிடைக்காமல் போகிறது. அது மிக எளிய வாக்கியமாகக்கூட இருக்கும், ஆனால் விட்டுப்போகும். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள், "இதுகூடவா தெரியாது?" என்று நினைத்துக்கொள்வார்கள்.

எண்கள்தான் பெரிய தொல்லை. சாதாரண வாக்கியத்தில் ஒரு சொல் காதில் விழாவிட்டாலும் மற்றதை வைத்து ஊகித்துவிடலாம். எண்ணை அப்படி ஊகிக்க வழியில்லை. ஆங்கிலத்தில் 147 மில்லியன் என்று கேட்டால், தமிழில் 14 கோடியே 70 லட்சம் என்று கணக்குப் போட்டும் சொல்ல வேண்டும், அதுவும் பேச்சு நிற்காமல் ஓடும்போது. அதனால்தான் மைக் அணைந்திருக்கும் சக ஊழியர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. எண்களையும் பெயர்களையும் எழுதிப் பக்கத்தில் நகர்த்துவது, கலைச்சொல் தேடிக் கொடுப்பது என்று அவரும் வேலையில்தான் இருக்கிறார்.

வாக்கிய அமைப்பும் படுத்தும். ஜப்பானியம், தமிழ் போன்ற மொழிகளில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும், ஜெர்மனிலும் பல வாக்கியங்களில் அப்படித்தான். ஆங்கிலத்திலோ எழுவாயை ஒட்டியே வந்துவிட வேண்டும். தீர்மானத்தை அமைச்சர் ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும் என்றால், ஆங்கிலத்தில் சொல்பவர் என்ன செய்வார்? காத்திருந்தால் நினைவில் சுமை ஏறும், முந்திக்கொண்டால் தவறிப்போகலாம். நீண்ட வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்வதும், பேச்சாளரின் நிலைப்பாட்டை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு ஊகிப்பதும் அவர்களுடைய உத்திகள்.

இத்தனைக்கும் நடுவே தங்கள் குரலையும் கண்காணிக்க வேண்டும். பலர் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து சற்று விலக்கி வைப்பது அதற்காகத்தான். ஜெனீவா ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், உடலசைவுகளைக் கட்டுப்படுத்துவதிலும் பங்குள்ள காடேட், புட்டமென் என்னும் ஆழ்மூளைப் பகுதிகள் இந்த வேலையில் ஈடுபடுவது தெரிந்தது. கேட்பதும் பேசுவதும் எவ்வளவு நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதோ, அதற்கேற்பப் புட்டமெனின் செயல்பாடும் மாறியது.

இவ்வளவு சுமையை நெடுநேரம் தாங்க முடியாது. 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது வழக்கம். 1998இல் வெளிவந்த ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வில், அரை மணியைத் தாண்டி உரைபெயர்த்தவர்களிடம் பிழைகள் கூடின. தங்கள் தரம் குறைவது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாகப் பட்டது. களைத்தவரே "போதும்" என்று சொல்வார் எனக் காத்திருக்க முடியாது. கடிகாரம் பார்த்துத்தான் மாற வேண்டும்.

பேசப் பேச உரைபெயர்க்கும் இந்த முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடம், 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணை. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகள். பேச்சு வேகமானால் மஞ்சள் விளக்கு எரியும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். இன்றைய பேச்சாளர்களுக்கும் அந்த மஞ்சள் விளக்கு தேவைப்படும். நிமிடத்துக்கு 100 முதல் 120 சொற்கள் என்பது வசதியான வேகம். எழுதி வைத்ததை வாசிப்பவர்கள் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கொரோனா காலத்தில் பல கூட்டங்கள் இணையத்துக்கு நகர்ந்தன. உரைபெயர்ப்பு அறைக் கருவிகளுக்கான தரவிதி 125 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வர வேண்டும் என்கிறது. காணொளிச் செயலிகள் பல நேரங்களில் ஒலியைச் சுருக்கி மேல் அதிர்வெண்களை வெட்டிவிடுகின்றன. ச, ஃப போன்ற ஒலிகளைப் பிரித்தறிய அவைதான் உதவுபவை. மங்கலாகக் கேட்டால் ஒலியளவைக் கூட்டத் தோன்றும், அப்போது யாராவது மைக்கைத் தட்டினால் காதுக்கு ஆபத்து. கனடா நாடாளுமன்ற உரைபெயர்ப்பாளர்களிடையே இப்படிக் காது பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இணையக் கூட்டத்தில் பேசுபவர் மடிக்கணினி மைக்கை நம்பாமல் வயருள்ள நல்ல மைக்கைப் பயன்படுத்தினாலே நிலைமை வெகுவாக மாறும். வாசிக்கப்போகும் உரையை முந்தைய நாளே அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.