மனசு சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம்

"மனசு சரியானதும் செய்யறேன்." மனச்சோர்வில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. இதைச் சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலையில் குளிக்க எழுந்து போவதே மலையேறுவது போல இருக்கும். ஆனால் நடத்தை சிகிச்சை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் செயல், மனசு பின்னால் வரும்.

1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். செய்கிற காரியங்களிலிருந்து கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகள் குறையும்போது சோர்வு சூழ்கிறது. சோர்ந்ததும் ஒதுங்குகிறோம். நண்பர் அழைக்கும்போது போனை எடுக்காமல் விட்டால் அந்த நிமிடம் நிம்மதியாகத்தான் இருக்கும். சிக்கலே அந்த நிம்மதிதான். ஒதுங்கியதற்குக் கிடைத்த பரிசாக அது மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை ஒதுங்குவது இன்னும் சுலபம். பேச ஆள் குறையக் குறைய சோர்வு கூடுகிறது.

அதனால் சிகிச்சையாளர் முதலில் கேட்பது ஒரு வாரக் குறிப்பு. எந்த நேரத்தில் என்ன செய்தேன், அப்போது மனநிலை 10-க்கு எத்தனை? நாள் முழுக்க ஒரே இருட்டு என்று நம்பிக்கொண்டிருந்தவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் மட்டும் 2 என்பது 4 ஆகியிருப்பதைப் பார்ப்பார். இலக்கு அங்கிருந்து பிறக்கிறது. "உடற்பயிற்சி செய்யணும்" என்பது வெறும் ஆசை. "நாளைக் காலை 7 மணிக்கு 10 நிமிடம் நடப்பேன்" என்பதுதான் இலக்கு. முடியவில்லையா? சரி, 2 நிமிடமாகக் குறைக்கலாம். தவறு இலக்கின் அளவில்தான், ஆளிடம் இல்லை.

இவ்வளவு எளிமையானது பலிக்குமா என்று தோன்றலாம். 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 440 பேர் கலந்துகொண்டார்கள். குறுகிய பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள் தந்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் தந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (எண்ணங்களையும் மாற்றப் பழக்கும் CBT முறை) குறைந்ததாக இல்லை. எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் முடிவு இது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மருந்தும் தேவைப்படலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கோபத்திலும் இதே சக்கரம்தான் சுற்றுகிறது. கத்தினோம், எதிரில் இருப்பவர் அடங்கினார்; கத்தியதற்குப் பரிசு கிடைத்துவிட்டது. தலையணையைக் குத்தினால் கோபம் வடியும் என்பார்கள். ஆனால் கோபமூட்டிய ஆளை மனதுக்குள் நினைத்தபடி குத்துப் பையைக் குத்தியவர்களின் கோபம், சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபத்தைவிட அதிகமாக இருந்ததைத்தான் 2002-இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மனின் சோதனை காட்டியது. உடலின் படபடப்பைத் தணிப்பதே உதவுகிறது.

அதனால் இங்கேயும் குறிப்பு, அப்புறம் இலக்கு. தாடை இறுகுகிறதா, குரல் உயர்கிறதா என்று முதலில் கவனித்துப் பழக வேண்டும். "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்ற சபதம் நிற்காது. "குரல் உயர்ந்தால், 'பத்து நிமிடத்தில் வந்து பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே போவேன்" என்ற திட்டம் நிற்கும். சொன்னபடி திரும்பி வந்து பேசுவதும் இதில் சேர்த்திதான். வராமல் இருந்துவிட்டால், எடுக்காமல் விட்ட அந்த போனைப் போல இதுவும் ஒதுங்கலாகிவிடும்.