பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது?

ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய பென்னாகரத்து மாணவி ஒருவர், பரிசல் அத்தனை முறை சுழன்றும் ஏன் கவிழவில்லை என்று கேட்டிருந்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளின் ஒரு பகுதிக்கு 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்ற பெயர் வந்தது. பரிசலோ அதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஆற்றில் மிதந்துகொண்டிருந்தது.

மிதப்புக்கு, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்ற ஆர்க்கிமிடீஸ் விதி போதும். 2.25 மீட்டர் விட்டமுள்ள பரிசலின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். ஆட்களும் பரிசலும் சேர்ந்து 500 கிலோ என்றால், அடிப்பகுதி தட்டையானது எனக் கொண்டு கணக்கிட, அது 12.5 சென்டிமீட்டர் மட்டுமே அமிழும். ஒரு சாண்கூட இல்லை. நீருக்கடியில் மறைந்திருக்கும் பாறைகளின் மேல் அது வழுக்கிச் செல்வது இதனால்தான்.

சுழற்சிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாறைச் சுவரை உரசி ஓடும் நீர் மெதுவாகவும், நடு ஆற்று நீர் விரைவாகவும் செல்வதால், பரிசலின் ஒரு விளிம்பு பின்தங்க மறுவிளிம்பு முன்னே இழுக்கப்பட்டு, அது திரிகைக் கல்லைப்போலத் திரும்புகிறது. நீண்ட படகு இப்படித் திரும்பினால் அதன் விலாப்புறம் முழுவதும் நீரோட்டத்துக்குக் குறுக்கே வந்து, பாறையில் சிக்கி, வெள்ளத்தின் அழுத்தத்தில் புரளும். வட்டத்துக்கு விலாவும் இல்லை, முனையும் இல்லை. எத்திசையில் திரும்பினாலும் நீர் தள்ளும் அகலம் ஒன்றே. மேலும், சுழல்வது வேறு, சாய்வது வேறு. ஒரு பக்கம் சாயும்போது அப்பக்கம் அதிக நீரை விலக்குவதால் மிதப்பு விசை அங்கே நகர்ந்து, அகன்ற அடியின் துணையோடு பரிசலை நிமிர்த்துகிறது. படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

சுழியில் ஏதோ ஒன்று காலைப் பிடித்து இழுப்பதாகச் சொல்வார்கள். எதுவும் இழுப்பதில்லை; அருவியடியில் காற்றுக்குமிழ் நிறைந்த வெண்ணீரின் அடர்த்தி குறைவாதலால் உடலைத் தாங்கும் விசை அங்கே குறைகிறது, கீழ்நோக்கிய நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது. இவற்றையெல்லாம் நம் மாவட்டத்துப் பொறியியல் மாணவர்கள் ஒரு தொட்டியும் சிறு மாதிரிப் பரிசலும் வைத்து அளந்து பார்க்கலாம். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரியின் நீர்வரத்து கூடும்போது பரிசலுக்குத் தடை விதிப்பதிலும் இயற்பியல் இருக்கிறது: ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் பாறையில் மோதும் விசை நான்கு மடங்காகிறது. துடுப்பு போடும் கையோ அதே கைதான்.