நாற்பதைக் கடந்து கராத்தேக்குத் திரும்புவோர் கவனத்திற்கு

மகளைக் கராத்தே வகுப்புக்கு அழைத்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த 46 வயதுக்காரர் ஒருவர், கல்லூரி நாட்களில் பழுப்புப் பட்டை வரை வந்தவர் என்பதால், தாமும் மீண்டும் பயிற்சியில் இறங்கினார். இரண்டாம் மாதம், பின்காலை உந்தி முன்னே பாய்ந்தபோது, யாரோ கட்டையால் பின்னங்காலில் அடித்தது போலிருக்கத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சுளுக்கு என்று எண்ணி, பத்து நாள் எண்ணெய் போட்டு நீவிவிட்ட பிறகுதான் என்னிடம் வந்தார்.

குப்புறப் படுக்க வைத்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி செய்து, கெண்டைச் சதையை அழுத்தினேன். நல்ல காலில் பாதம் அசைந்தது. மற்றக் காலில் அசையவே இல்லை. குதிகால் எலும்புக்குச் சற்று மேலே, வீக்கத்துக்கிடையிலும், விரல் பதியும் பள்ளம் ஒன்று தட்டுப்பட்டது. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கில்லிஸ் தசைநாண் முழுவதும் அறுந்திருந்தது. பாதத்தைக் கீழே அழுத்த வேறு சில தசைகளும் உதவுவதால் நொண்டியபடி நடக்க முடிகிறது; இக்காயம் சுளுக்கென்று தவறாகக் கொள்ளப்படுவதற்கு அதுவே காரணம்.

புதிதாகச் சேர்பவரைவிடத் திரும்பி வருபவரை எண்ணியே நான் அதிகம் அஞ்சுகிறேன். அடவு உடம்பில் பதிந்திருக்கும். மூச்சும் தசை வலுவும் சில வாரங்களில் தேறிவிடும். ஆனால் தசைநாண் உறுதிப்பட மாதங்கள் ஆகும். குதிகால் எலும்புக்கு மேல் 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு என்பதும், வயதும் நீரிழிவும் தசைநாணின் நெகிழ்வைக் குறைக்கின்றன என்பதும் சேர்ந்துகொள்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாணைப் பலவீனப்படுத்தலாம் என 2008-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்தது. அவற்றை உட்கொள்ளும்போதும், மருத்துவர் சொல்லும் வரை அதன் பின்னரும், துள்ளல் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் பின்புறம் இறுகி வலித்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். முதல் 12 வாரங்களுக்குப் பாய்ச்சலும் துள்ளலும் இல்லாமல், நுனிக்காலில் எழுந்து மெதுவாக இறங்கும் பயிற்சியை, முழங்காலை நீட்டியும் மடக்கியும், படிப்படியாகக் கூட்டிச் செய்யுங்கள். பின்னங்காலில் திடீர் அடி போன்ற உணர்வு ஏற்பட்டால் நீவ வேண்டாம். காலை ஊன்றாமல், அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து அவருக்கு இது ஒன்பதாவது மாதம். நல்ல காலில் 25 முறை நுனிக்காலில் எழுகிறார். அறுந்த காலில் 14 முறைதான். பாய்ந்து உதைக்க நான் இன்னும் அவரை அனுமதிக்கவில்லை.