இடுப்பு முறிந்த அம்மாவைக் கட்டிலில் வைத்திருக்காதீர்கள்

"அசைய வேண்டாம் அம்மா, எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துத் தருகிறோம்." இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்து வந்த முதிய பெண்களிடம் வன்னியில் வீட்டுக்கு வீடு சொல்லப்படுவது இதுதான். அன்பில் குறையே இல்லை. ஆனால் முறிந்த எலும்பைத்தான் தகடும் ஆணியும் தாங்கும். தொடைத் தசை படுக்கையில் நாளுக்கு நாள் கரைந்துபோகும்.

இயன்மருத்துவராக வேலை செய்யும் என்னிடம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், அம்மா தேற ஹோர்மோன் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். இடுப்பு முறிந்த, 65 வயதைக் கடந்த பெண்களிடம் அமெரிக்காவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் களிம்பைச் சோதித்தார்கள். பயிற்சியோடு அதைப் பூசியவர்கள், பயிற்சியோடு மருந்தில்லாத களிம்பைப் பூசியவர்களைவிட ஆறு நிமிடத்தில் அதிக தூரம் நடக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற பெண் ஹோர்மோன்கள் சேர்ந்த மாத்திரை இடுப்பு முறிவைக் குறைத்தது உண்மை. ஆனால் பாரிசவாதம், இரத்தக்கட்டி, மார்புப் புற்றுநோய் ஆகியவற்றைக் கூட்டியது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே இரத்தம் கட்டும் ஆபத்தில் இருப்பவருக்கு அதை நான் கேட்டு வாங்கச் சொல்லமாட்டேன்.

பலன் தருவது தசைப் பயிற்சி. காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கைப்பிடியுள்ள உயரமான கதிரையிலிருந்து எழுந்து மெதுவாக அமர்வது, மேசையைப் பிடித்துக் குதியை உயர்த்துவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது, இவை போதும். பன்னிரண்டு தடவை இலகுவாகிவிட்டால் கணுக்காலில் சிறு மணற்பை கட்டுங்கள். பிறகு மணலைக் கூட்டுங்கள். பாரம் கூடாவிட்டால் தசையும் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், பல மாதங்கள் செய்ய வேண்டும். வலிக்கிறதென்று இரண்டாம் வாரமே நிறுத்துபவர்களைப் பார்க்க எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. பொறுக்கக்கூடிய வலி பரவாயில்லை. திடீர் கவட்டு வலி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முட்டை, மீன், பயறு, கௌபி தினமும் தட்டில் இருக்கட்டும். கஞ்சி மட்டும் குடித்துத் தசை வளராது. ஆனால் சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் அதிகம் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே புரதத்தைக் கூட்டுங்கள்.

இன்னொன்றையும் கிளினிக்கில் கேளுங்கள்: எலும்புத் தேய்வுக்கு மருந்து தொடங்கியாயிற்றா? ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், இடுப்பு முறிந்தவர்களிடம் மறுபடி ஏதாவது எலும்பு முறிவதை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதற்கும் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். முறிவைப் பொருத்தியதாக எழுதிய வைத்தியசாலைத் துண்டோடு மட்டும் வீடு வந்தவர்கள், அடுத்த கிளினிக் நாளிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.