சரசரன்னு ஒரு பிளாஸ்டிக் கவரும் என் நாயோட மூளையும்

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான், பின்னாடி "ஐயோ விடு, விடு"ன்னு ஒரு அலறல் வேற. மூணு மாசக் குட்டி ஒண்ணு வீட்டுக்கு வந்திருக்கு, கை, கால், செருப்பு எதையும் விட்டு வைக்கிறதில்ல. அவன் பெரியப்பா "அடியாத மாடு படியாது, மூக்கு மேல ரெண்டு போடு"ங்கிறாராம். ஊசி போட்ட டாக்டரோ "அடிக்கவே அடிக்காதீங்க, நல்லபடியா நடந்துக்கிட்டா ட்ரீட் கொடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். இவன் கேள்வி: "ட்ரீட் கொடுத்தா பழகும், சரி. ஆனா அது லஞ்சம் தானேடா? கையில ட்ரீட் இல்லாத அன்னைக்கு என்னை மதிக்குமா?"

நியாயமான கேள்வி. பதில் வாய்ஸ் நோட்ல அடங்கல, ஏன்னா இதுக்குள்ள எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு விஷயம் இருக்கு, அதை ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்னு எனக்கே தெரியும்.

ஸ்கூல் பாடத்தை வேகமா தாண்டிடலாம். பாவ்லோவ் நாய்க்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டுப் பழகின மணி மாதிரி ஒரு சத்தம் கேட்டாலே எச்சில் ஊறுச்சு, எல்லாருக்கும் தெரியும் (அவருக்கு 1904ல நோபல் கிடைச்சது இதுக்கில்ல, ஜீரண ஆராய்ச்சிக்கு). தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் பூனைகளைப் பெட்டிக்குள்ள அடைச்சு வச்சு, எதைச் செஞ்சா கதவு திறந்து சாப்பாடு கிடைக்குதோ அதை அடுத்தடுத்த தடவை சீக்கிரமா செய்யுதுன்னு 1898ல எழுதினார். ஸ்கின்னர் அதையே எலி, புறான்னு பெருசா விரிச்சார். பலன் கிடைச்ச செயல் திரும்ப நடக்கும், அவ்ளோதான் பாடம்.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, ஸ்கூல்ல யாரும் கேக்க மாட்டாங்க. பலன் எந்தச் செயலுக்குக் கிடைச்சதுன்னு நாய்க்கு எப்படித் தெரியும்? நாம "உக்காந்ததுக்கு"ன்னு நினைச்சுக் கொடுக்கிறோம். அந்த நாலு செகண்டுல நாய் உக்காந்துச்சு, கொட்டாவி விட்டுச்சு, வெளிய காக்கா கத்தினதுக்குத் திரும்பிப் பாத்துச்சு, எழுந்துச்சு. இதுல எதுக்குக் கூலி?

எனக்கு இது நல்லா பட்ட பாடம். எங்க வீட்டு மணிக்கு (பாவ்லோவை நினைச்சு வச்ச பேர் இல்ல, கழுத்துல மணி கட்டியிருந்ததால வந்த பேர்) நான் தான் "உக்காரு" சொல்லிக் கொடுத்தேன். மூக்குக்கு நேரா ட்ரீட்டைப் புடிச்சு மெதுவா தலைக்கு மேல கொண்டு போனா மூக்கு மேல போகும், பின்பக்கம் தானா கீழ இறங்கும், ரொம்ப ஈஸி. ரெண்டு நாள் கழிச்சு ட்ரீட்டைக் கையில வச்சுக்காம பேன்ட் பாக்கெட்டுல ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கிட்டேன். மணி உக்காந்துச்சு. நான் பாக்கெட்டுல கை விட்டேன், கவர் சரசரன்னுச்சு, துண்டு விரல்ல சிக்கல, அதுக்குள்ள மணி எழுந்து என் பாக்கெட்டுக்குள்ள மூக்கை விட்டுடுச்சு, நானும் சரி போன்னு கொடுத்துட்டேன். இப்படி ஒரு வாரம். விளைவு என்னன்னா "உக்காரு"ன்னா மணி பொத்துன்னு உக்காந்து ஸ்பிரிங் மாதிரி உடனே எழுந்திருக்கும். அது தப்பா கத்துக்கல, நான் எதுக்குக் கூலி கொடுத்தேனோ அதைத் தான் கத்துக்கிச்சு. இன்னொன்னையும் நான் அறியாம சொல்லிக் கொடுத்திருந்தேன், அந்தச் சரசர சத்தம். வீட்ல எந்த மூலையில கவர் சத்தம் கேட்டாலும் மணி அங்க இருக்கும்.

இனிமே தான் எனக்குப் புடிச்ச இடம்.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி. பார்கின்சன் நோயில டோபமைன் (மூளையில செல்லுக்கு செல் சேதி கொண்டு போற ஒரு ரசாயனம்) சுரக்கிற செல்கள் செத்துப் போறதால அசைவு கெட்டுப் போகுது இல்லையா, அதனால அந்த செல்லுக்கும் அசைவுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்க குரங்கோட மூளையில மெல்லிசான கம்பியை வச்சு ஒவ்வொரு செல்லா கேட்டுக்கிட்டிருந்தார். அசைவுக்கு அது பெருசா அசரல. ஆனா குரங்கு எதிர்பாக்காத நேரத்துல வாயில ஒரு சொட்டு ஜூஸ் விழுந்தா படபடன்னு வெடிச்சுது. சரி, ஜூஸ் புடிக்குது, அதனால சந்தோஷ செல்லுன்னு நினைக்கத் தோணும், இன்னைக்கும் பாதி பேர் டோபமைனை அப்படித் தான் சொல்லிக்கிட்டு அலையறாங்க. அப்புறம் ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட்டைப் போட ஆரம்பிச்சாங்க. லைட், ஜூஸ், லைட், ஜூஸ். குரங்கு பழகப் பழக அந்த வெடிப்பு ஜூஸை விட்டுட்டு லைட்டுக்கு இடம் மாறிடுச்சு. ஜூஸ் வரும்போது செல் சும்மா இருக்கு, அதே ஜூஸ், அதே சொட்டு, அதே இனிப்பு, ஆனா செல் கண்டுக்கவே இல்ல. லைட்டைப் போட்டுட்டு ஜூஸ் கொடுக்காம விட்டா இன்னும் அழகு, ஜூஸ் வந்திருக்க வேண்டிய அந்த நொடியில, சரியா அந்த நொடியில, செல் வழக்கமா துடிக்கிறதையும் நிறுத்திட்டு மௌனமாயிடுது. வராத ஒண்ணுக்கு ஒரு செல் மௌனம் அனுசரிக்குது! வெளிய எதுவுமே நடக்கல, ஆனா உள்ள ஒரு கணக்கு ஓடிக்கிட்டிருக்கு.

அந்த செல் சொல்றது "நல்லா இருக்கு"ன்னு இல்ல, "நினைச்சதை விட நல்லா இருக்கு", "நினைச்ச மாதிரியே இருக்கு", "நினைச்சதை விட மோசம்". கிடைச்சதுல இருந்து எதிர்பாத்ததைக் கழிச்சா வர்ற மிச்சம், ஒரு கழித்தல் கணக்கு. ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் மூணு பேரும் 1997ல இதை எழுதினப்போ வேடிக்கை என்னன்னா, கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுக்க எழுதி வச்சிருந்த ஒரு சமன்பாட்டுல இதே கழித்தல் ஏற்கனவே இருந்துச்சு. பார்கின்சனைத் தேடிப் போய் இது கிடைச்சது. "குரங்குக்கு ஜூஸ் கொடுத்து என்னய்யா கண்டுபுடிக்கப் போறீங்க, நாட்டுக்கு என்ன லாபம்"னு கேக்கிற கமிட்டி கிட்ட பணம் கேட்டிருந்தா முதல் பக்கத்துலயே நிராகரிச்சிருப்பாங்க, இது என் கடுப்பு, விட்டுடுங்க.

இப்போ நேரக் கணக்குக்கு வருவோம். 2014ல ஜப்பான்ல யாகிஷிதா குழு எலி மூளையோட மெல்லிய சீவல்ல ஒரு வேலை செஞ்சாங்க. நரம்பு செல்லுல முள்ளு மாதிரி சின்னச் சின்ன முனைகள் இருக்கும், அடுத்த செல் கிட்ட இருந்து சேதி வாங்குற இடம். ஒரே ஒரு முள்ளைத் தூண்டி விட்டு, அதுக்கப்புறம் வெவ்வேற நேரத்துல டோபமைனை விட்டுப் பாத்தாங்க. 0.3 செகண்டுல இருந்து 2 செகண்டுக்குள்ள டோபமைன் வந்தா முள்ளு பெருத்துச்சு, இணைப்பு பலமாச்சு. 5 செகண்ட் கழிச்சு வந்தா ஒண்ணும் இல்ல. அதாவது ஒரு செயல் செஞ்ச செல்கள் கொஞ்ச நேரம் "நான் தான், நான் தான்"னு கையைத் தூக்கிட்டு நிக்குது, டோபமைன் வந்து கை தூக்கினவனுக்கெல்லாம் மார்க் போட்டுட்டுப் போகுது, லேட்டா வந்தா எல்லாரும் கையை இறக்கிட்டாங்க. என் பாக்கெட்டுக்குள்ள நான் துழாவின நேரம் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? நாலு, அஞ்சு செகண்ட். மணி உக்காந்தது காலாவதி, எழுந்தது மட்டும் வரவு.

கிளிக்கர்னு ஒரு சின்ன பொத்தான் டப்பா விக்குதே, அமுக்கினா டக்குன்னு சத்தம் வரும், அது இந்தச் சிக்கலுக்குத் தான். முதல்ல டக், ட்ரீட், டக், ட்ரீட்னு ஒரு இருபது தடவை, நாய் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா. வெடிப்பு ட்ரீட்டை விட்டு டக்குக்கு இடம் மாறிடும், குரங்குக்கு லைட் மாதிரி. அதுக்கப்புறம் பின்பக்கம் தரையைத் தொடற அந்த நொடியில டக். ட்ரீட்டை நிதானமா எடுத்துக் கொடுக்கலாம், மார்க் போட்டாச்சு. ஸ்கின்னர் கிட்ட வேலை பாத்த கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940கள்லயே மிருகங்களுக்கு இப்படி ஒரு சத்தத்தை வச்சுப் பழக்கினாங்க, டால்பின் ட்ரெயினர்களுக்கு விசில். அந்தரத்துல குதிச்ச டால்பின் வாயில மீனைத் திணிக்க முடியாது, விசிலை அனுப்பலாம். கிளிக்கர் இல்லன்னா "யெஸ்"னு சுருக்கமா ஒரே மாதிரி ஒரு சொல்லு போதும், மணிக்கு நான் அப்படித் தான் மாத்தினேன்.

இப்போ லஞ்சம். வேலைக்கு முன்னாடி காட்டினா லஞ்சம், முடிஞ்ச பிறகு கொடுத்தா சம்பளம். கையில ட்ரீட்டைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டா என் ஃப்ரெண்டு பயப்படறது நடக்கத் தான் செய்யும், நாய் ட்ரீட்டைத் தான் படிக்குது, சொல்லை இல்ல. அதனால நாலஞ்சு தடவைக்கு மேல ட்ரீட்டைக் கையில புடிக்காம வெறும் கையைக் காட்டணும், கூலி வேற இடத்துல இருந்து வரணும். பழகின பிறகு ஒவ்வொரு தடவையும் கொடுக்கவும் வேண்டாம். ஷுல்ட்ஸ் லேப்ல 2003ல பாத்தாங்க, ஜூஸ் வருமா வராதான்னு பாதிக்குப் பாதியா இருக்கிறப்போ தான், சிக்னலுக்கும் ஜூஸுக்கும் நடுவுல அந்த செல்களோட துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போகுது. எப்பவும் வரும்னாலும் அது இல்ல, எப்பவும் வராதுன்னாலும் இல்ல. சூதாட்டத்துக்கும் இதே கதை தான், நல்லதுக்குப் பயன்படுத்தினா நாய், கெட்டதுக்குன்னா நம்ம போன்.

கூலி சாப்பாடாவே இருக்கணும்னும் இல்ல. கிரெகரி பெர்ன்ஸ்னு எமரி யுனிவர்சிட்டியில ஒருத்தர், நாய்களுக்கு மயக்க மருந்து கொடுக்காம, கட்டிப் போடாம, எம்ஆர்ஐ குழாய்க்குள்ள தானா போய்த் தலையை அசைக்காம படுக்கப் பழக்கினார், புடிக்கலன்னா எழுந்து போயிடலாம். அந்தப் பழக்கமே ட்ரீட்டை வச்சு நடந்தது தான். 2016ல 15 நாய்களோட மூளையை அப்படிப் பாத்தப்போ 2 தான் தெளிவா சாப்பாட்டுக் கட்சி, மத்ததுக்கெல்லாம் வளக்கிறவங்க பாராட்டு சாப்பாட்டுக்குச் சமம், இல்ல அதுக்கும் மேல.

பெரியப்பா சொன்ன அடி? அடியும் கத்துக்கொடுக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா என்ன கத்துக்கொடுக்கும்னு நம்ம கையில இல்ல. குழந்தையைப் பாத்து உறுமின நாயை அடிச்சா "குழந்தை பக்கத்துல வந்தா வலிக்கும்"னு கத்துக்கலாம், இல்ல உறுமுறதை மட்டும் நிறுத்திட்டு அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம கடிக்கலாம். போர்ச்சுகல்ல 92 வீட்டு நாய்களை வச்சு 2020ல வந்த ஆய்வுல, கண்டிப்பு முறையில பழக்குற ட்ரெயினிங் ஸ்கூல் நாய்கள் வகுப்புல அடிக்கடி உதட்டை நக்குச்சு, கொட்டாவி விட்டுச்சு (தூக்கம் இல்ல, பதட்டம்), வகுப்பு முடிஞ்ச பிறகு எச்சில்ல கார்டிசோல் (பதட்டத்துல ஏறுற ஹார்மோன்) ஏறியிருந்துச்சு. "நீ தான் தலைவன்னு காட்டணும், ஆல்ஃபாவா இரு"ங்கிறது தனி மூடநம்பிக்கை. 1947ல அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்து எழுதின விஷயம் அது. அதைப் பரப்பினதுல பெரிய பங்கு ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக்கோட 1970 புத்தகத்துக்கு உண்டு, அவரே 1999ல காட்டு ஓநாய்களைப் பாத்துட்டு, அது அப்பா அம்மா புள்ளைங்க இருக்கிற குடும்பம்யான்னு எழுதிட்டார். நாய் ட்ரெயினர்ல பாதி பேருக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல.

ஃப்ரெண்டுக்கு அனுப்பினது இவ்வளவு தான்: பல்லு கையில பட்டதும் கத்தாத, இழுக்காத, விளையாட்டை நிறுத்திட்டு எழுந்து போ, ஒரு அரை நிமிஷம். திரும்பி வந்து பொம்மையைக் கொடு, பொம்மையைக் கடிக்கிற அந்த நொடியில "யெஸ்"னு சொல்லி ஒரு துண்டு. பல்லு முளைக்கிற வயசு, கடிக்காம இருக்காது, எதைக் கடிக்கலாம்னு தான் சொல்லித்தர முடியும். ட்ரீட்டை பிளாஸ்டிக் கவர்ல மட்டும் வைக்காதேன்னும் சேத்து அனுப்பினேன்.

மணி இப்போ உக்காந்தா நான் "போ"ன்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்காது, அதுக்கு மூணு மாசம் ஆச்சு. ஆனா பழசு அழிஞ்சு போகல. நேத்து ராத்திரி யாரோ சமையக்கட்டுல ஒரு கவரைப் பிரிச்சாங்க, சோஃபாவுக்கு அடியில தூங்கிட்டிருந்தது எழுந்து ஓடிப் போய் அவங்க முன்னாடி பொத்துன்னு உக்காந்து, உடனே ஸ்பிரிங் மாதிரி எழுந்து நின்னுச்சு.