பேஸ்ட் பல் தேய்க்க மட்டும்

பெருநாளுக்கு முந்தைய இரவு 10.30 மணி இருக்கும். 7 வயதுப் பையனை அவன் வாப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வீட்டுக் கொல்லையில் தொதல் என்கிற கருப்பட்டிப் பலகாரம் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பையன் தட்டிலிருந்த முந்திரிக்குக் கையை நீட்ட, சட்டியிலிருந்து ஒரு கொதி தெறித்து முன்கையில் அப்பிக்கொண்டது. என்னிடம் வந்தபோது அந்தக் கையில் தொதலும் தெரியவில்லை, தோலும் தெரியவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைப் பேஸ்ட். அதன் மேல் காபித்தூள். டிரெஸ்ஸிங் ரூம் முழுக்கப் புதினா வாடையும் காபி வாடையும்.

காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் டாக்டர் ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆழம் தெரிய வேண்டுமென்றால் மேலே பூசியதை எடுத்தாக வேண்டும். எடுக்கிற வேலை என்னுடையது. வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, சலைனை ஊற்றி ஊற வைத்து, காஸ் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். 40 நிமிடம். காய்ந்த பேஸ்ட், உரிந்த தோலோடு சேர்ந்து பொருக்காகியிருந்தது. பையன் கத்திக் கத்திக் குரலே கம்மிவிட்டது. கட்டுப் போட்டு முடித்துத் திரும்பினால் வாப்பா சொல்கிறார்: “நல்லவேளை சிஸ்டர், உடனே பேஸ்ட்டைத் தடவிட்டோம். இல்லைன்னா இன்னும் பெருசாயிருக்கும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவரிடம் என்ன சொல்வது? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில் 19 வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் அதிரசச் சட்டி, கிறிஸ்துமஸ் சமயம் தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து அச்சுமுறுக்கு எண்ணெய், பெருநாளுக்குக் கீழக்கரை, பெரியபட்டினத்திலிருந்து தொதல். பண்டிகை மாறும், பலகாரம் மாறும். பேஸ்ட் மட்டும் மாறுவதில்லை.

“பேஸ்ட் குளிர்ச்சியாத்தானே சிஸ்டர் இருக்கு?” என்பார்கள். அது குளிர்ச்சி இல்லை, மெந்தால். நரம்பிடம் போய் ‘ஜில்லுன்னு இருக்கு’ என்று பொய் சொல்கிற சரக்கு. தோலின் சூட்டை அது இறக்குவதில்லை. புதினா மிட்டாய் சப்பினால் காய்ச்சல் இறங்குமா? அதே கதைதான். இன்னும் சொல்கிறேன், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அடுப்பை அணைத்த பிறகும் மூடி வைத்த பானைக்குள் அரிசி வெந்துகொண்டே இருக்கிறதல்லவா? சுட்ட தோலும் அப்படித்தான். எண்ணெய் தெறித்த அந்த நொடியோடு காயம் முடிந்துபோவதில்லை; உள்ளே இறங்கிய சூடு இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை வெளியே இழுக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் பேஸ்ட்டைப் பூசி மூடி போடுகிறீர்கள்.

“எங்க பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் பேஸ்ட் போட்டுத்தான் தழும்பே இல்லாம ஆறிச்சு.” இதுவும் வாரம் ஒரு முறை கேட்கிறேன். ராத்தாவுக்கு மேல்தோல் மட்டும் சிவந்திருக்கும். அப்படிப்பட்ட காயம் பேஸ்ட் போட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் ஆறும், போடாவிட்டாலும் ஆறும். ஆறியது ராத்தாவின் தோலால். பெயர் வாங்கியது பேஸ்ட்.

பேனா மை, முட்டை வெள்ளைக்கரு, மாவு, நெய், மஞ்சளைக் குழைத்த நல்லெண்ணெய், எல்லாவற்றையும் இந்தக் கையால் கழுவியிருக்கிறேன். மை பூசிவிட்டால் காயத்தின் நிறமே தெரியாது. நிறத்தை வைத்துத்தான் ஆழத்தைக் கணிக்கிறோம். பச்சை முட்டையில் கிருமி இருக்கும். ஐஸ் கட்டியும் வேண்டாம்; ரத்தக் குழாய் சுருங்கி, ஏற்கெனவே அடிபட்ட தோல் இன்னும் கெட்டுப்போகும். மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி ஒரு பிள்ளையின் காலில் கட்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்தாயிற்று.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20. உடனே முடியவில்லையென்றாலும் சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

இதைச் சொன்னால் நம் ஊரில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். கடற்கரை ஊர்க்கார அக்கா ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: “20 நிமிஷம் குழாயைத் திறந்து விடணுமா? நீங்க எந்த ஊரு சிஸ்டர்?” நியாயமான கேள்வி. காசு கொடுத்துக் குடத்தில் வாங்கி வைக்கிற ஊர் இது. குழாய் வேண்டாம். குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு சன்னமாக ஊற்றுங்கள். கீழே சுத்தமான பேசின் ஒன்றை வையுங்கள். அதில் விழுந்த தண்ணீர் சூடாகாமல் இருந்தால் அதையே மொண்டு ஊற்றலாம். ஒன்றிரண்டு குடம் போதும். குடிக்க முடியாத உப்புப் போர் தண்ணீர்தான் வீட்டில் இருக்கிறதா, அதை ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் வண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியான வேளையில் கொதிக்கும். அதைத் திறந்து நேராகப் பிள்ளையின் கையில் விட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் கையில் பட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளை என்றால் சுட்ட இடத்தை மட்டும் நனையுங்கள், மற்ற உடம்பைத் துண்டால் போர்த்திக்கொள்ளுங்கள். முழுக்க நனைத்துவிட்டால் உடல் வெப்பம் இறங்கி வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிடும்.

இனி அடுப்படி.

தொதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்ந்து மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம். முதல் ஒரு மணி நேரம் சாதுவாக இருக்கும். இறுக ஆரம்பித்த பிறகுதான் ஆபத்து. அடியில் சேர்ந்த ஆவி மேலே வர வழியில்லாமல் குமிழாக உப்பி ‘தொப்’பென்று வெடித்துத் தெறிக்கும். சுடுதண்ணீர் தெறித்தால் வழிந்து ஓடிவிடும். இது ஓடாது. பாகுப் பதார்த்தம் எல்லாமே இப்படித்தான். தண்ணீரைவிடக் கூடுதல் சூட்டில் கொதிக்கும், பட்ட இடத்தை விட்டு நகராது. பட்டுவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் கூடவே வரும். ஒட்டியது ஒட்டியபடியே தண்ணீர் ஊற்றுங்கள். ஆறி இறுகியபின் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கிண்டுகிறவர் நீளக் கைப்பிடித் துடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். முந்திரித் தட்டை அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். முந்திரி இருக்கிற இடத்துக்குப் பிள்ளை வரும், இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அச்சுமுறுக்கில் ஆபத்து அச்சில் இருக்கிறது. கழுவிய அச்சின் இதழ் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். மேலுக்குத் துடைத்தால் போகாது. கொதிக்கிற எண்ணெய்க்குள் முக்கியதும் அந்த ரெண்டு சொட்டும் ஆவியாகி எண்ணெயை முகத்துக்கு வீசும். முதல் நாளே கழுவி வெயிலில் காய வையுங்கள். மார்கழியில் வெயில் இல்லையென்றால் வெறும் அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்குங்கள்.

அப்புறம் நைட்டி. கை கூப்பிக் கேட்கிறேன், பலகாரம் சுடும் நாளில் அந்த வழுவழுப்பான பாலியஸ்டர் நைட்டியைப் போடாதீர்கள். பருத்தியும் எரியும், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். வாடைக்காற்று அடிக்கும்போது கொல்லையில் அடுப்பு மூட்டினால் நெருப்பு எந்தப் பக்கம் நாக்கை நீட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தானையை, துப்பட்டாவைச் செருகிக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை அணைத்துத் தட்டு ஒன்றால் மூடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய ஒருவரின் இரண்டு பாதங்களுக்கும் மூன்று மாதம் கட்டுப் போட்டேன்.

பிறந்தநாள் விசேஷங்களுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் நடக்கிற காயம் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலிலோ கடற்கரை மணலிலோ கல் கூட்டி, சீமைக்கருவேல விறகில் பிரியாணி போடுவார்கள். அந்த விறகின் கங்கு லேசில் அணையாது. வேலை முடிந்ததும் “மணலைத் தள்ளி மூடிருப்பா” என்று யாராவது பொறுப்பாகச் சொல்வார். மணல் சூட்டை அணைக்காது, பொத்தி வைக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். சில மணி நேரம் கழித்துக்கூட அதில் ஒரு பிள்ளை வெறுங்காலோடு ஓடி வந்து மிதிக்கும். உள்ளங்கால் வெந்தால் ஆற நாளாகும், அதுவரை நடக்கவும் முடியாது. தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். சாம்பல் கையால் தொடுகிற பதத்துக்கு வரும் வரை. கடற்கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்குப் பஞ்சம் என்று சொல்லாதீர்கள்; நெருப்பை அணைக்கக் கடல் தண்ணீர் தாராளமாகப் போதும்.

கேக் வெட்டும்போது ‘பனி’ ஸ்பிரே அடிப்பது இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. அந்த டப்பாவுக்குள் நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு, நம் சமையல் கேஸின் சொந்தக்காரன்தான். எதிரே மெழுகுவத்தி எரிகிறது, பிள்ளையின் தலைமுடி முழுக்க நுரை. மீதியை விளக்க வேண்டுமா? பறக்கிற பலூனில் ஹீலியமும் இருக்கலாம், ஹைட்ரஜனும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியாது. மெழுகுவத்தி இருக்கிற அறைக்குள் அந்தக் கொத்து வேண்டாம். வாயால் ஊதிய பலூன் கட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கைவேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். குடில் ஜோடிப்பது, ஸ்டார் ஒட்டுவது, சிப்பியிலும் சோழியிலும் தோரணம் செய்வது எல்லாம் நன்றாகச் செய்யுங்கள். க்ளூ கன்னை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அதன் பசை சில கருவிகளில் 190 டிகிரி வரை சூடாகும். கொதிக்கிற எண்ணெய்க்குச் சமம், ஒட்டவும் செய்யும். தொதலுக்குச் சொன்னதுதான் இதற்கும்: பிய்க்காதீர்கள், தண்ணீர். பிள்ளைகளுக்கு ஃபெவிகால் போதும். காய நேரமாகும், ஆகட்டும்.

இன்னொன்று, தீக்காயம் மாதிரியே தெரியாத தீக்காயம். குடிலில் வைக்கிற மினுக்கு விளக்குகளுக்குள் காசு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், 2 மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் அரித்து வெந்துபோகத் தொடங்கும். ‘மலத்தில் வந்துவிடும், வாழைப்பழம் கொடு’ என்று உட்காராதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்-ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீட்டு வைத்தியத்தை இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சிபாரிசும் செய்கிறேன்: ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை, விழுங்க முடிகிறது என்றால், வரும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. தேன் வீட்டில் இல்லையென்றால் கடை தேடி அலைய வேண்டாம். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத விளக்கை வாங்கவே வாங்காதீர்கள்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்? முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் சின்னக் காயமானாலும் வாருங்கள். காயம் பட்டவரின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரியதாக இருக்கிறதா, வாருங்கள். தோல் வெளுத்தோ கருத்தோ போய் வலியே தெரியவில்லையென்றால் ‘வலி இல்லை, பரவாயில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆழமான காயம், உடனே 108. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். 20 நிமிடம் முடிந்ததும் துவைத்த பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு வந்தால் போதும். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்போம், ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

கையில் சுட்டால் தண்ணீர் ஊற்றும்போதே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்; காலில் என்றால் மெட்டியும் கொலுசும். கொஞ்ச நேரத்தில் வீக்கம் வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டாலும் வராது. ரத்த ஓட்டம் நிற்கக் கூடாது என்று நான் கட்டரால் வெட்டித்தான் எடுப்பேன். பெண்கள் காயத்துக்கு அழுததைவிட வெட்டிய மோதிரத்துக்கு அதிகம் அழுதிருக்கிறார்கள். இரண்டு துண்டையும் கவரில் போட்டு, பெயர் எழுதி, கையில் கொடுத்துவிடுவேன். போன வாரம் ஒருவர் வார்டு வாசலிலேயே கவரைப் பிரித்து, “எடை குறையுதே சிஸ்டர்” என்றார்.